பயந்தீர்களா என்று கேட்டார்கள்

1

இந்த ஞாயிற்றுக்கிழமையோடு எங்கள் வீட்டு வாசலிலிருந்து கார் போய் இரண்டு வருடம் ஆகிறது. கார் போன நாளை நினைவு வைத்திருக்கும் குடும்பம் டார்னெய்ட் என்கிற இந்தப் புறநகர் முழுக்கவும் நாங்கள் ஒன்றுதான் இருப்போம். அக்கா காலண்டரில் ஒன்றும் குறித்து வைக்கவில்லை. ஆனாலும் இன்று காலையில் இடியப்ப உரலைக் கையில் எடுத்தவள், எதையோ யோசித்துவிட்டு அதைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்து, கடைக்குப் போய்ப் பாண் வாங்கிவரச் சொன்னாள்.

மன்னாரிலிருந்து வரும் குரல் செய்திகளில் ஒரு கதை ஓடுகிறது. வீட்டுக்குள் புகுந்த கள்ளனை யூட் அடித்தாராம், வெள்ளைக்காரன் சட்டம் கள்ளன் பக்கம் நின்று யூட்டை மறியலில் போட்டதாம். நல்ல கதை. கேட்டவுடனே கோபம் வருகிற கதை. ஆனால் வீட்டுக்குள் வந்தவர்களை அத்தான் அடிக்கவில்லை. அத்தான் அடித்தவன் வீட்டுக்குள் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏழு கிழமை இருக்கிறது. அந்த ஏழு கிழமையை எழுத எனக்கு உரிமை இருக்கிறது, ஏனென்றால் அதற்குள் நானும் இருந்தேன்.

யூட் என் அக்காவின் கணவர். நாற்பத்து நான்கு வயது, மன்னார்ப் பேசாலை ஆள், படகில் வந்தவர். குளிர்க்களஞ்சியம் ஒன்றில் மரக்கறிப் பெட்டிகளை அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நான் டிலானி, இருபத்தேழு வயது, மாணவர் விசாவில் விமானத்தில் வந்தவள். படிப்பு முடிந்து இப்போது ஒரு அலுவலகத்தின் தரவுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டு, அக்கா வீட்டு முன்னறையில் இருக்கிறேன். அத்தான் இப்போது சிறையில் இருக்கிறார். அவருடைய நிரந்தர விசாவை இரத்துச் செய்துவிட்டார்கள். அதைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கும் மனு போன கிழமைதான் போனது. அது சரிவராவிட்டால் சிறையிலிருந்து தடுப்பு முகாமுக்கு. அங்கிருந்து எங்கே என்று சட்டத்தரணிக்கும் தெரியாது.

இதை எழுதியதற்காக அத்தான் என்னோடு கதைக்காமல் விடக்கூடும். விடட்டும்.

2

அன்று ஞாயிறு காலை, பூசைக்குப் போகும் அவசரம். அக்கா குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். அக்காவின் மகள் அனிற்றாவுக்கு அப்போது பதினொரு வயது, சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். பின்கதவு பூட்டியிருக்கவில்லை. முகத்தை மூடிய மூன்று பேர் உள்ளே வந்தார்கள். ஒருவனிடம் கத்தி இருந்தது. "கீ, கீ" என்று மட்டும் கத்தினான்.

அத்தான் கொழுவியிலிருந்த சாவியை எடுத்து, கையை நீட்டி, ஏதோ கோயிலில் காணிக்கை போடுகிறவர் மாதிரி அமைதியாகக் கொடுத்தார். மற்றக் கையால் அனிற்றாவைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிவைத்தார். எல்லாம் ஒரு நிமிடம் கூட இல்லை. நான் முன்னறைக் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கால் அசையவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒன்பதாம் நாள் கார் கிடைத்தது. ஜீலோங் பக்கம் ஒரு கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில், பெற்றோல் வற்றி, பின்சீற்றில் பேர்கர் கடதாசிகளோடு நின்றதாம். காப்புறுதிக்காரர் கழுவித் துடைத்துத் தந்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. மொத்தத்தில் எங்களுக்குப் போனது பிழியாமல் காய்ந்துபோன ஒரு சட்டி இடியப்ப மா.

அன்று பின்னேரம் அனிற்றா தகப்பனிடம் போய், "யூ டிட் தி ரைட் திங், டாட்" என்றாள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சொல்லித் தருகிறார்களாம், பொருளைக் கொடு, ஆளைக் காப்பாற்று என்று. அத்தான் அவளுடைய தலையைத் தடவிவிட்டு, என்னைப் பார்த்து, "என்னவாம்?" என்றார். அவருக்கு விளங்கியிருக்கும். அந்தச் சின்ன இங்கிலீஷ் விளங்காதா? மகளிடமிருந்து அப்படியொரு சான்றிதழ் வாங்குவதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கும் அது புதுச் செய்தி இல்லை. ஹொப்பர்ஸ் க்ரொஸிங்கில் ஒரு தகரக் கொட்டகையில் செவ்வாயும் வியாழனும் தற்காப்பு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதற்குப் போனாலும் நான் குறிப்புக் கொப்பியோடு போகிற ஆள். முதல் நாள் குறிப்பு இன்னும் இருக்கிறது: கேட்பதைக் கொடு. போகிறவனைப் போகவிடு. உன்னை யார் பார்க்கிறார்கள் என்று யோசிக்காதே. மூன்றுக்கும் கீழே மஞ்சள் மையால் கோடு போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு உதைக்கிற பக்கங்களைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

3

ஒரு வீட்டில் ஏதும் நடந்தால் எங்கள் சனம் போகாமல் இருக்காது. அது எங்கள் நல்ல பழக்கங்களில் ஒன்று, நான் குறை சொல்லவில்லை. செத்த வீட்டுக்குப் போகிற மாதிரி, களவு போன வீட்டுக்கும் வந்தார்கள். ரோல்ஸ் வந்தது, கேக் வந்தது, ஒரு அன்ரி பிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு வந்தா. வந்தவர்கள் கதிரையில் இருந்து, "என்ன நடந்தது, முதலிலையிருந்து சொல்லும்" என்றார்கள். அத்தான் முதலிலிருந்து சொன்னார்.

அவர் எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று தெரியாது. முதல் தரம் சொல்லும்போது கத்தி, குசினிக் கத்தியளவு இருந்தது. மூன்றாம் சனிக்கிழமை அது முழங்கை நீளத்துக்கு வந்துவிட்டது. அவரில் பிழை இல்லை. கதையின் முடிவில் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அப்ப நீர் ஒண்டும் செய்யேல்லையோ?" கத்தி பெரிசாகப் பெரிசாக அந்தக் கேள்வி கொஞ்சம் சிறுக்கும் என்று நினைத்திருப்பார். சிறுக்கவில்லை.

பெனடிற் அங்கிள் எங்கள் கோயில் பங்கின் கிரிக்கெட் அணியின் முன்னாள் தலைவர். பகிடி விடாமல் அவருக்குத் தேத்தண்ணி இறங்காது. அவர்தான் சொன்னார்:

"யூட், சாவியைக் குடுத்தது சரி. அந்தப் பதிவுக் கடதாசியையும் சேத்துக் குடுத்திருக்கலாமெல்லோ. பாவம், பொடியள் பேர் மாத்திறதுக்கு அலையப் போறாங்கள்."

வீடே சிரித்தது. எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் அத்தான்.

அடுத்த முறை அங்கிள் ஒரு பழைய கிரிக்கெட் மட்டையோடு வந்தார். கதவுக்குப் பின்னால் சாத்தி வையும், கைக்குப் பலம் என்றார். இங்கேதான் என் கெட்டித்தனம் வருகிறது. மட்டையைத் தனியே வைத்தால் ஆயுதம், பக்கத்தில் ஒரு பந்தும் கிடந்தால் விளையாட்டுச் சாமான் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். கடைக்குப் போய் ஒரு சிவப்புப் பந்து வாங்கிவந்து மட்டையின் காலடியில் வைத்தேன். எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். படித்த பிள்ளை என்றார்கள். அந்தப் பந்தை ஒருவரும் ஒருநாளும் எறியவில்லை.

அன்று எல்லோரும் போனபிறகு நான் கோப்பைகளைக் கழுவினேன், அத்தான் துடைத்தார். நான் சும்மா, வாய் சும்மா இராமல், "அத்தான், நானெண்டா குறைஞ்சது ஒரு அடியாவது குடுத்திருப்பன்" என்றேன்.

அவர் கோப்பையைத் துடைத்து முடித்தார். "நீ குடுத்திருப்பாய்" என்றார்.

கதவிடுக்கில் கால் அசையாமல் நின்ற என்னை அவர் பார்த்திருந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பார்த்திருந்தால், சொல்லாமல் விட்டிருக்கிறார்.

4

பயம் என்ற சொல்லுக்கும் அத்தானுக்கும் உள்ள கணக்கைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

படகில் வந்து அடைக்கலம் கேட்டவர்களுக்கு இந்த நாட்டில் பிழைப்பே அந்தச் சொல்லில்தான். அதிகாரி கேட்பார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்வார்: திரும்பிப் போகப் பயப்படுகிறீர்களா? ஓம், பயம். யாருக்குப் பயம்? ஏன் பயம்? போனமுறை சொன்ன பயத்தில் இது இல்லையே, இது எப்போது வந்த பயம்? அத்தான் ஊரில் நடந்ததைச் சொல்வார். கடற்கரைச் சோதனைச் சாவடியில், பிடித்த மீனோடு நின்றபோது, தன் தம்பிக்கு முன்னால் ஒரு சிப்பாய் கன்னத்தில் அறைந்ததைச் சொல்வார். அறை வாங்கியபிறகு கழன்ற செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, அந்தச் சிப்பாய்க்கு "தாங்க்யூ சேர்" என்று சொன்னதையும் சொல்வார். அதைத் தட்டச்சுச் செய்து, நம்பத்தகுந்தது என்றோ நம்பத்தகுந்தது இல்லை என்றோ முடிவு எழுதி அனுப்புவார்கள். முதல் முடிவு, நம்ப முடியாது என்று வந்தது. திரும்ப முதலிலிருந்து பயம்.

ஆறு மாத விசா, மூன்று வருட விசா, இடையில் விசாவே இல்லாத மாதங்கள். அக்கா எல்லாவற்றையும் ஒரு தடித்த ஃபைலில் போட்டு உடுப்பு அலுமாரியின் அடியில் வைத்திருக்கிறாள். அதைத் தூக்கினால் கை வலிக்கும். ஒரு மனிதர் பத்து வருடமாகத் தான் பயந்தவர் என்று நிரூபித்த கடதாசிகள் அவை.

நிரந்தர விசாக் கடிதம் வந்த நாளில் மத்தியானச் சாப்பாடு வைத்தோம். கணவாய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி. அத்தான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "இனி ஒருத்தனுக்கும் முன்னாலை பயமெண்டு சொல்லமாட்டன். சொல்லிச் சொல்லியே வாய் புளிச்சுப் போச்சு."

நாங்கள் கை தட்டினோம். அனிற்றா காரணம் தெரியாமல் எங்களோடு சேர்ந்து தட்டினாள்.

அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வருடம் கூட ஆகவில்லை, கார் போனது.

5

கார் போய் ஏழாம் கிழமை, ஒரு வியாழன் பின்னேரம் நான்கு மணி. நல்ல வெளிச்சம், சற்று முன்னர்தான் மழை விட்டிருந்தது. அத்தான் காலை முறை வேலை முடிந்து வந்திருந்தார். நான் முன்னறையில் மடிக்கணினியோடு இருந்தேன். அக்காவும் அனிற்றாவும் பின்வளவில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

யன்னலால் பார்த்தேன். ஒரு பொடியன் தெருவில் நின்ற கார்களின் கைபிடியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தான். எங்கள் வாசலுக்குள் வந்து, எங்கள் காரையும் இழுத்துப் பார்த்தான். பூட்டியிருந்தது. நான் "அத்தான்" என்று கூப்பிட்டேன்.

அத்தான் கதவுக்குப் பின்னால் கையை விட்டு மட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பொடியன் அவரைக் கண்டான், மட்டையைக் கண்டான், திரும்பி ஓடத் தொடங்கினான்.

முடிந்துவிட்டது. நான் இதை மனதில் ஒரு நூறு முறை நிறுத்திப் பார்த்திருக்கிறேன். கார் நிற்கிறது. வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள். அவன் முதுகைக் காட்டி ஓடுகிறான். அத்தானும் அதைத்தான் நினைத்தார் போல, எங்கள் வாசல் படலையடியில் நின்றுவிட்டார். மட்டையை இறக்கினார். உண்மையாகவே இறக்கினார். கதவு மணியில் பூட்டியிருந்த கமராவில் அது இருக்கிறது.

அதே கமராவில் என் குரலும் இருக்கிறது. நான் கதவுப்படியில் நின்று, "விடாதேங்கோ அத்தான்" என்று கத்தினேன்.

அவர் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு ஓடினார்.

எட்டு வீடு தாண்டி, முடக்கில், ஈரப் புல்லில் அந்தப் பொடியன் சறுக்கி விழுந்தான். அத்தான் இரண்டு அடி அடித்தார். முதலாவது தோளில். இரண்டாவது அவன் எழும்பத் திரும்பியபோது, முகத்தில். அவன் கையில் தொலைபேசி ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. வயது பத்தொன்பது. இடது கண்ணை வைத்தியர்களால் காப்பாற்ற முடியவில்லை.

அம்புலன்ஸுக்குப் போன் அடித்தது அத்தான்தான். "ஐ ஹிட், ஐ ஹிட், ப்ளீஸ் கம்" என்று சொல்லிக்கொண்டு, தன் சேட்டைக் கழற்றி அவன் முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பொலிஸ் வரும்வரை அந்தப் புல்லிலேயே இருந்தார்.

6

பொலிஸ் விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில்தான் வந்தார். பதிவை எழுத்தில் பிறகு பார்த்தோம். நிறையக் கேள்விகள், பெரும்பாலும் நேரம், தூரம், மட்டை யாருடையது. ஆறாம் பக்கத்தில் இது இருக்கிறது: அந்த நேரம் உங்களுக்குப் பயம் இருந்ததா?

அத்தானின் பதில்: "பயமோ? அந்தப் பொடியனுக்கோ? எனக்கு என்னத்துக்குப் பயம்?"

அவர்கள் விடவில்லை, இன்னொரு முறையும் கேட்டிருக்கிறார்கள். உங்களுக்கோ குடும்பத்துக்கோ ஆபத்து வரும் என்று நினைத்தீர்களா? "இல்லை. அவன் ஓடினவன். அவன்தான் எனக்குப் பயந்தவன்."

எங்கள் சட்டத்தரணி சென்னைப் பெண், என்னைவிட நான்கைந்து வயதுதான் கூட. அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு மேசையில் வைத்தா. பிறகு கேட்டா:

"அண்ணா, நான் பொய் சொல்லச் சொல்லல. ஏழு வாரத்துக்கு முன்னாடி வீட்டுக்குள்ள கத்தியோட வந்திருக்காங்க. அதுக்கப்புறம் நீங்க சரியா தூங்கலன்னு அக்கா சொல்றாங்க. நெஜமாவே உங்களுக்கு அன்னைக்குப் பயமே இல்லையா?"

அத்தான் யன்னலைப் பார்த்தார். அக்கா, "சொல்லுங்கோவன்" என்றாள். அவர் சொல்லவில்லை.

சொல்லியிருந்தாலும் பெரிய மாற்றம் வந்திருக்காது என்று சட்டத்தரணி பிறகு எனக்குத் தனியே விளக்கினா. தன்னைக் காக்க அடித்தேன் என்று ஒருவர் சொல்ல வேண்டுமென்றால், அது தேவை என்று அந்த நேரத்தில் அவர் நம்பியிருக்க வேண்டும். ஓடுகிறவனின் முதுகு கமராவில் இருக்கிறது. எட்டு வீட்டுத் தூரம் இருக்கிறது. ஆனால் தண்டனை நேரத்திலாவது, பயந்த ஒரு மனிதர் பிழைவிட்டார் என்று பேச ஒரு வழி இருந்திருக்கும். "எனக்குப் பயமில்லை, அவன்தான் பயந்தான்" என்ற பிறகு என்னத்தைப் பேசுவது? குற்றத்தை ஒப்புக்கொள்வதுதான் மிச்சம்.

நீதிமன்றத்தில் அரச தரப்பு என் பந்தைக் காட்டியது. பிளாஸ்ரிக் பையில், ஒரு கீறல் இல்லாமல், பளபள என்று இருந்தது. இந்த வீட்டில் கிரிக்கெட் விளையாடுகிறவர்கள் யார் என்று கேட்டார்கள். யாருமில்லை. அப்படியென்றால் இது யோசித்து வைக்கப்பட்ட மட்டை என்றார்கள். என் கெட்டித்தனத்துக்கு அங்கே ஒரு இலக்கமிட்ட சீட்டு ஒட்டியிருந்தது.

காணொளியின் மொழிபெயர்ப்பையும் வாசித்தார்கள். "அடையாளம் தெரியாத பெண் குரல்: அவனைப் போகவிடாதே." நான் மூன்றாம் வாங்கில் இருந்தேன். எழும்பப் பார்த்தேன். சட்டத்தரணி திரும்பி, இரு என்று கையால் காட்டினா. நீதிபதி அது யாருடைய குரல் என்று கேட்கவில்லை, அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

எதிர்ப்பக்க வாங்கில் அந்தப் பொடியனின் தாய் இருந்தா. கடைப் பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, நாள் முழுக்க அதன் காதை முறுக்கிக்கொண்டிருந்தா. ஒருமுறை எங்கள் பக்கம் பார்த்தா. திட்டுகிற பார்வை என்றால் தாங்கியிருப்பேன். யார் இவர்கள் என்ற பார்வை அது.

பதின்நான்கு மாதம். பன்னிரண்டோ அதற்கு மேலோ வந்தால், சிறைக்குள் இருக்கும்போதே விசா தானாக இரத்தாகும் என்று சட்டத்தரணி முதலே சொல்லியிருந்தா. அதனால் தீர்ப்பு வாசித்தபோது நாங்கள் பதின்நான்கைக் கேட்கவில்லை, பன்னிரண்டுக்குக் கீழே போகாமல் தடுத்த மூன்றைத்தான் கேட்டோம். அக்கா என் கையைப் பிடித்து, "மூண்டு மாசம்தானேடி" என்றாள். அது கேள்வியா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

7

இப்போதைய நாட்கள் எப்படி என்று கேட்பீர்கள். எழுதுகிறேன்.

அக்கா ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வாரத்தில் ஆறு நாள் வேலை செய்கிறாள். நான் வகுப்பை விட்டுவிட்டேன். பெனடிற் அங்கிள் இன்னும் வருகிறார், பகிடி விடுவதில்லை, வாசலில் மரக்கறிப் பையை வைத்துவிட்டு உள்ளே வராமலே போகிறார். அத்தானின் அழைப்பு பன்னிரண்டு நிமிடத்தில் தானாக அறுந்துவிடும். அனிற்றா "ஹாய் டாட்" என்கிறாள், அவர் "சாப்பிட்டியா அம்மா" என்கிறார், அவள் "யெஸ்" என்கிறாள். பிறகு இரண்டு பேரும் மூச்சு விடுகிற சத்தம். பள்ளிக்கூடத்தில் அவள், அப்பா பேர்த் நகரில் சுரங்க வேலை என்று சொல்லியிருக்கிறாளாம். சிறைக்கு ஒருமுறை வந்தாள். இரண்டாம் முறை காரை விட்டு இறங்கவில்லை.

என்னிடம் ஒரேயொரு முறை கேட்டாள். பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றேன், பின்னால் வந்து நின்றாள். "சித்தி, வை டிட் யூ யெல்?" அவளுக்குக் குரல் தெரியும். இந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். நான் பதில் சொல்வதற்குள், "இட்ஸ் ஓகே" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

விசா இரத்து என்ற கடிதம் அத்தானின் கையில் கிடைத்த நாளிலிருந்து இருபத்தெட்டு நாளுக்குள் மனு போக வேண்டும். அவரிடமிருந்து எங்களுக்கு வந்து சேரவே எட்டு நாள் போய்விட்டது. படிவத்தில் குடும்ப விபரம், வேலை விபரம், வருத்தம் தெரிவிக்க ஒரு பக்கம், உறவினர் கடிதங்கள். நடுவில் ஒரு பக்கம்: நாட்டுக்குத் திரும்பிப் போகப் பயப்படுகிறீர்களா, ஆம் என்றால் ஏன் என்று விபரிக்கவும்.

நான் என் கடிதத்தை நான்கு பக்கத்துக்கு எழுதினேன். முதல் பத்தி இது: அந்தக் காணொளியில் கேட்கும் பெண் குரல் என்னுடையது. அவர் நின்றுவிட்டார், மட்டையை இறக்கிவிட்டார். நான் கத்தியபிறகுதான் ஓடினார். அதற்கு முந்திய கிழமைகளிலும் அவரைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருத்தி. சட்டத்தரணி வாசித்துவிட்டு, "இது உதவலாம், உதவாமலும் போகலாம். ஆனா நம்மகிட்ட வேற எதுவும் இல்ல" என்றா. தானாகவே நின்ற மனிதரை ஓட வைத்தது வீட்டுக் குரல்தான் என்று காட்ட அது ஒன்றுதான் இருக்கிறதாம்.

போன கிழமை புதன்கிழமை, கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, முன்கூட்டியே அனுமதி எடுத்து, கடதாசிகளோடும் ஒரு பேனாவோடும் போனேன். பேனாவைக் காவலர் பதிந்துதான் உள்ளே விட்டார். அத்தான் மெலிந்திருந்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்.

பயத்தின் பக்கத்தில் பிரச்சினை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "பழைய ஃபைலிலை இருக்கிறதைப் பாத்து எழுது. எல்லாம் அதிலை கிடக்கு" என்றார். நான் ஏற்கெனவே எழுதிக்கொண்டு போயிருந்தேன், வாசித்துக் காட்டினேன், தலையாட்டினார்.

பிறகு என் கடிதத்தை எடுத்தேன். அது ஆங்கிலத்தில் இருந்தது, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். முதல் பத்தி முடிந்ததும் அதன் மேல் விரலை வைத்தார்.

"இதை எடு."

"அத்தான், இது உண்மைதானே."

"உண்மையாயிருக்கட்டும். மச்சாள் கத்தினவளாம், இவர் போய் அடிச்சவராம். இதை எழுதிக் குடுத்து என்னை விடுங்கோ எண்டு கேக்கிறதோ?"

இதைத் தவிர வேறொன்றும் கையில் இல்லை என்று சட்டத்தரணி சொன்னதைச் சொன்னேன். அக்காவை யோசியுங்கள், அனிற்றாவை யோசியுங்கள் என்றேன். குரலை உயர்த்திவிட்டேன் போல, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவையை யோசிச்சுத்தான் சொல்லுறன்" என்றார். "நாளைக்கு அந்தப் பிள்ளை இதை வாசிக்கும். தகப்பன் தன்ரை புத்தியிலை ஒரு பிழை விட்டவன் எண்டு இருக்கட்டும். ஆரின்ரையோ சத்தத்துக்கு ஓடினவன் எண்டு இருக்க வேண்டாம்."

"அவளுக்கு ஏற்கெனவே தெரியும், அத்தான்."

அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். சந்திப்பு முடியப் பதினொரு நிமிடம் மிச்சம் இருந்தது. அந்தப் பத்தி இருந்தால் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றார். கோபத்தோடு சொல்லவில்லை, தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்கிற மாதிரிச் சொன்னார். திரும்ப வந்து வேறு கடிதம் எழுதிக் கொண்டுபோக அனுமதி கிடைக்காது. கையெழுத்து இல்லாவிட்டால் மனுவே இல்லை.

நான் பேனாவால் முதல் வரியை வெட்டினேன். பிறகு இரண்டாவதை. பத்தி முழுவதையும் வெட்டிவிட்டுத் தாளை அவரிடம் நீட்டினேன்.

அவர் அதை மேலே தூக்கி, கூரை விளக்கின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னும் வாசிக்கலாம்" என்றார். "இன்னொருக்காக் கீறு."

கீறினேன். தாள் கிழிகிற அளவுக்கு வந்ததும் வாங்கிப் பார்த்து, திருப்திப்பட்டு, படிவத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வைத்தார்.